கொல்லைக்கு வேலியும் பூனைக்கு வழியும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

தொழுகை, ஜகாத்து என்று எத்தனையோ பாடங்கள் இருக்க, பூனையைப் பற்றி ஒரு பாடமா என்று நம்மவரில் சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து நாம் கடையைத் திறந்த நேரம், நன்கு பழகிய சகோதரர் ஒருவர் வந்தார். சீனியும் தேயிலையும் வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானா, எலி மருந்தில் கடுமையானது எது?” என்றார். வீட்டில் எலித் தொல்லையா என்று கேட்டோம். “எலி இல்லை நானா. அண்டை வீட்டுப் பூனைகள். மூன்று தடவை கீரை விதை போட்டேன். மூன்று தடவையும் தோண்டிப் போட்டுவிட்டன. கருவாட்டில் தடவி வைத்தால் ஒரே இரவில் தொல்லை தீரும்” என்றார். ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு தொழுகிறவர். ரமலானில் ஏழைகளுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறவர். தட்டை நோக்கி நீட்டிய கையை நாம் இழுத்துக்கொண்டோம். “இன்று வேண்டாம், நாளை வாருங்கள், வேறு வழி சொல்கிறோம்” என்று அனுப்பினோம்.

அவருக்கு மறுநாள் சொன்னதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறோம். நாம் பெரிய ஆலிமல்லர். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், பின்னர் ஆலிம்களிடம் கேட்டறிந்ததுமே நமது கைமுதல். அத்துடன், இந்த விஷயத்தில் நாமே ஒரு தவறு செய்து பாடம் பெற்றவர்கள். அதையும் மறைக்காமல் சொல்வோம்.

ஊர் நிலை

சுங்கை ரம்பாய், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லைக்கு அருகே இருக்கும் சிற்றூர். மலாய்க் கம்பங்களும் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த இடம். இங்கே பல வீடுகளுக்கு மதிற்சுவர் கிடையாது. அவர்கள் கோழி நம் மிளகாய்ச் செடிக்குக் கீழே கிளறும். நம் கொய்யாக் கிளை அவர்கள் கூரைமேல் காய்க்கும். மலாய்க்காரர் வீட்டில் பூனை ஒரு பிள்ளையைப் போல வளர்கிறது. நிலத்துக்கு எல்லைக்கல் நட்டவன் மனிதன். பூனைக்கு அந்தக் கல் தெரியாது.

நம்மவர் வீட்டுக் கொல்லையிலோ வெண்டை, கத்தரி, மிளகாய், கீரை, காங்கோங், கறிவேப்பிலை, பண்டான் எல்லாம் உண்டு. பாத்தி கொத்தி மண்ணைப் பொடியாக்கி விதை தூவிய அன்றைக்கே பூனை வந்து உட்காரும். விதையும் போயிற்று, நாற்றமும் வந்தது. அப்புறம் கோபம், கல்லெறி, அண்டை வீட்டாரோடு முகத்திருப்பல். கொஞ்சம் கீரைக்காக எத்தனையோ வருஷத்து உறவு முறிகிறது. ஆகையால்தான் இது சின்ன விஷயமல்ல என்கிறோம்.

மார்க்கம் சொல்வது என்ன?

முதலாவது, பூனை அசுத்தமான பிராணியன்று. அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியப்போடு பார்க்கவே, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றி வந்துகொண்டிருக்கும் பிராணி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூது, திர்மிதி முதலிய கிதாபுகளில் இச்செய்தி இருக்கிறது. ஆனால் பூனையின் மலமும் சிறுநீரும் நஜீஸ்தான். அதனால் கொல்லையைக் காத்துக்கொள்ள நினைப்பதில் தவறு ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஒரு பெண் பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அது தானாகப் பூச்சி புழுக்களைப் பிடித்துத் தின்னவும் விடாமல் சாகடித்ததற்காக நரக வேதனைக்கு ஆளானாள் என்ற ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது. அதை அறிவித்தவர்களில் அபூஹுரைரா (ரலி) அவர்களும் ஒருவர். 5,374 ஹதீதுகளை அறிவித்ததாகக் கணக்கிடப்படும் அந்தப் பெருமகனாருக்கு அபூஹுரைரா என்ற பெயரே, ஆடு மேய்க்கும் காலத்தில் சிறு பூனையொன்றை வைத்து விளையாடியதால் வந்த பட்டப்பெயர். பட்டினி போட்டுக் கொன்றதற்கே அப்படியென்றால், கருவாட்டில் விஷம் தடவி ஆசை காட்டிக் கொல்வதற்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது, தோட்டக்காரனுடைய நியாயம். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து பாழாக்கிவிட்டது. வழக்கு நபியவர்களிடம் வந்தது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் பிராணியைக் காப்பது பிராணிக்காரர் பொறுப்பு, இரவில் அது செய்த சேதத்துக்கு அவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் இதைச் சட்டமாக எடுத்தார்கள். ஹனஃபி மத்ஹபில் இதற்கு வேறு விளக்கம் உண்டு.

திருக்குர்ஆனில் அன்பியா சூராவிலும், இரவில் ஆடுகள் பயிரில் புகுந்த வழக்கைத் தாவூது, சுலைமான் (அலை) இருவரும் விசாரித்த செய்தி வருகிறது. ஆட்டுக்காரர் பயிரைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கும் வரை, பயிர்க்காரர் ஆட்டின் பாலையும் ரோமத்தையும் அனுபவித்து, பிறகு ஆடுகளைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்பது சுலைமான் நபியின் தீர்ப்பு என்று தஃப்ஸீர்களில் சொல்லப்படுகிறது. இழந்தவனுக்கு ஈடு கிடைத்தது; மற்றவனும் பிழைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் அழியாமல் தீர்ப்பது எப்படி என்பதே இவ்விரு வழக்குகளிலும் நமக்குள்ள பாடம். அந்தக் கண்ணோடு இனி நம் கொல்லையைப் பார்ப்போம்.

பூனை ஏன் வருகிறது?

எதிரி என்று நினைக்காமல் காரணத்தைத் தேடினால் பாதி வேலை முடிந்தது. காரணங்கள் நான்கு.

ஒன்று, பொடியான, காய்ந்த மண். பூனைக்கு மலத்தை மூடிவைக்கும் சுபாவம் உண்டு. கொத்திவிட்ட பாத்தி அதற்குத் தயாராக வைத்த இடம்போல் தோன்றுகிறது. இரண்டு, வாடை. ஒரு தடவை போன இடத்துக்கே வாடை பிடித்து மறுபடியும் வரும். மூன்று, தீனி. மீன் கழுவிய தண்ணீர், கோழிக் கழிவு, மூடாத குப்பைத்தொட்டி, இவற்றைக் கொல்லையில் வைத்துக்கொண்டு பூனை வரக்கூடாது என்றால் நடக்குமா? நாலாவது காரணம் பலருக்குத் தெரியாது. அது குப்பைமேனி.

குப்பைமேனிக்கு நம் வைத்தியர்கள் பூனைவணங்கி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். மலாய்க்காரர் அதைக் கூச்சிங் காலாக் என்பார்கள். அதன் வேர் வாடை பட்டால் பூனை மயங்கிப் புரளும். களை எடுக்கும்போது குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, பாத்தி ஓரத்திலேயே போட்டுவிட்டு வருகிறோம். பூனைக்கு நாமே விருந்து அழைப்புக் கொடுத்த மாதிரி ஆகிறது. பிடுங்கியதை அன்றைக்கே கொல்லையைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் கிடக்கிற மலத்தைக் கரண்டியால் அள்ளி, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். சிறுநீர் பட்ட திண்ணை, தூண் இவற்றைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அம்மோனியா கலந்த மருந்து வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடைபோல் இருப்பதால் பூனை மறுபடியும் அங்கேயே வரும்.

அடுத்தது, மண்ணை மூடுவது. இதுவே எல்லாவற்றிலும் பலனுள்ளது. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையை, ஓர் அங்குலக் கண்ணுள்ளதாகப் பார்த்து வாங்கி, விதை தூவிய பாத்தியின்மேல் படுக்கையாக விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். நாற்று கண் வழியாக மேலே வந்துவிடும். பூனையால் தோண்ட முடியாது. வலையின் வெட்டிய முனைகளை உள்பக்கம் மடக்கிவிடுங்கள். பிள்ளைகளின் காலையும் பூனையின் காலையும் கிழிக்கக்கூடாது. தண்டு பருக்கும் முன்பே வலையை எடுத்துவிட வேண்டும்.

வலை வாங்க வசதியில்லாதவர்கள் சாத்தே குச்சிகளை நாலு விரல் இடைவெளியில் ஊன்றலாம். கூர்முனை மண்ணுக்குள், மழுங்கல் முனை மேலே. பூனை உட்கார இடமில்லாமல் போனால் போதும், அதற்குக் காயம் படவேண்டியதில்லை. வளர்ந்த செடிகளுக்கிடையே தேங்காய் உரிமட்டைகளை நெருக்கமாக அடுக்கலாம். நம் பக்கத்தில் உரிமட்டைக்குப் பஞ்சமில்லை. அது மண்ணின் ஈரத்தையும் காக்கும். ஈரமண் பூனைக்குப் பிடிக்காது என்பதால், தண்ணீரை அந்தி நேரத்தில் ஊற்றுவதும் உபகாரம். பூனை அதிகமாக நடமாடுவது அந்தியிலும் விடியலிலும்தான். செடியை நெருக்கி நட்டு, வெறும் மண் தெரியாமல் பார்த்துக்கொள்வது நெடுநாள் வைத்தியம்.

வேலி போடுகிறவர்கள் ஆள் உயரத்துக்கு வலை கட்டி, மேலே ஓரடியைக் கம்பத்தில் இழுத்துக் கட்டாமல் வெளிப்பக்கமாகத் தொய்வாக விடுங்கள். ஆடுகிற இடத்தில் ஏறப் பூனை தயங்கும். கல் மதிலைவிட இது மலிவு.

எல்லாவற்றுக்கும் மேலான யோசனை, பூனைக்கென்று ஓர் இடம் கொடுப்பது. கொல்லையின் ஒரு கோடியில், தகரம் ஒன்றைக் கூரையாகச் சாய்த்து, அதன் கீழே மழை படாமல் உலர்ந்த மணல் கொட்டி வையுங்கள். பிடுங்கிய குப்பைமேனி வேரை அங்கே கொஞ்சம் போட்டு வைத்தால் அதுவே கூப்பிடும். பாத்தியில் இடமில்லை, இங்கே இடமுண்டு என்று இரண்டையும் ஒருசேரச் செய்தால்தான் பூனைக்கு விளங்கும். இந்த மணலைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். தினமும் என்று சொல்வதற்குக் காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

ஆள் நடமாட்டம் உணர்ந்து தானே தண்ணீர் பீய்ச்சும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. தண்ணீர்தானே, தீங்கில்லை. நம் காதுக்கு எட்டாத ஒலியால் பூனையை விரட்டும் கருவியைப் பற்றி 2006ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சியில், அது பூனைகளின் வருகையைக் குறைத்ததே தவிர அறவே நிறுத்தவில்லை என்று கண்டார்கள். பணம் போடுமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

மிளகாய்த்தூள் தூவுவது நம்மவரிடையே உண்டு. பூனை பாதத்தை நக்கி, முகத்தைத் துடைக்கும்போது கண்ணிலும் வாயிலும் எரியும். அது விரட்டுவதாகாது, வதைப்பதாகும். பாச்சை உருண்டை போடுவதும் வேண்டாம். அது பூனைக்கு விஷம், மிட்டாய் என்று எடுத்து வாயில் போடும் குழந்தைக்கும் விஷம். மண்ணெண்ணெய் ஊற்றினால் மண்ணே கெடும். பூனைக்கு முன்னால் செடி சாகும்.

தண்ணீர் நிரப்பிய போத்தல்களை வாசலிலும் தூண் ஓரத்திலும் வரிசையாக வைக்கும் வழக்கம் நம் நாட்டில் எங்கும் காண்கிறோம். ஜப்பானிலும் இவ்வழக்கம் உண்டு. பூனை அதைக் கண்டு பயப்படுகிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. போத்தல் வழியாக வெயில் குவிந்து தீப்பிடிக்கலாம் என்று ஜப்பானியத் தீயணைப்புத் துறையினர் எச்சரித்திருக்கிறார்கள். பலகை வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க.

பிடித்துச் சாக்கில் கட்டி வெகுதூரத்தில் விட்டுவிடுவதும் சரியல்ல. வளர்த்தவர் தேடுவார், பூனையோ பழகாத இடத்தில் தீனி கிடைக்காமல் சாகும். மேலே சொன்ன ஹதீதை நினைத்துப் பார்க்க.

பூனைகள் பெருகாமல் கருத்தடை செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். உண்ணத்தகாத பிராணிகளுக்கு விதையடிப்பது கூடாது என்று ஷாஃபிஈ மத்ஹபின் பழைய கிதாபுகளில் உண்டு. பிரயோஜனம் இருந்தால் ஆகும் என்று ஹனஃபிகள் சொல்கிறார்கள். இக்கால உலமாக்களில் பலர் தீங்கைத் தடுக்கும் நோக்கத்தில் அனுமதிக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு, வளர்ப்பவரின் சம்மதத்தோடு, மிருக வைத்தியர் மூலமே செய்ய வேண்டும்.

வீட்டார் நலம்

பூனை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நோய்க்கிருமி இருக்கலாம். டாக்ஸோபிளாஸ்மா என்பது அதன் பெயர். 1908ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்ட கிருமியாயினும், அது பூனை மலத்தின் வழியாகப் பரவும் முறை 1970ஆம் ஆண்டளவில்தான் தெளிவாயிற்று. சாதாரண உடல்நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் ஒரு பெண் கர்ப்பமாயிருக்கும்போது முதன்முறையாக அது தொற்றினால், வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும், கருச்சிதைவும் உண்டாகலாம்.

இதைக் கேட்டுப் பூனையைக் கண்டாலே நடுங்க வேண்டியதில்லை. பூனை பெரும்பாலும் தன் ஆயுளில் முதன்முறை கிருமி தொற்றும்போது மட்டும், ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் அதை வெளியே விடுகிறது. வந்த மலத்தில் கிருமி பக்குவப்பட்டு மனிதரைத் தொற்ற ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். மணலைத் தினமும் சுத்தம் செய்யச் சொன்னது இதனால்தான். பக்குவப்படுமுன் அது போய்விடும். மண்ணுக்குள் விட்டுவிட்டாலோ மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஆகவே கர்ப்பிணிகள் பாத்தி கொத்துவதையும் மணல் அள்ளுவதையும் பிறரிடம் விடட்டும். வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்து, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கொல்லையில் பறித்த கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தால் பயமில்லை. பச்சையாகத் தின்னும் ஊலாம் இலைகளை இன்னும் கவனமாகக் கழுவ வேண்டும். சரியாக வேகாத இறைச்சியாலும் இந்நோய் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். நஜீஸ் பட்டதைக் கழுவி உண்ண வேண்டும் என்பது மார்க்கம். கிருமிக்காகக் கழுவ வேண்டும் என்பது வைத்தியம். இரண்டும் ஒரே குழாயடியில் முடிகிறது.

நமது தவறு

இனி நம் கதைக்கு வருவோம். சென்ற வருஷம் நம் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கீரைப் பாத்தியில் அண்டை வீட்டுச் சாம்பல் பூனை உட்கார்ந்திருப்பதைக் கண்டு, கோபத்தில் தென்னைமட்டைத் துண்டொன்றை எடுத்து வீசினோம். பின்னங்காலில் பட்டது. அது கத்திக்கொண்டு ஓடியது. நாலைந்து நாள் நொண்டிற்று. அண்டை வீட்டு மக்சிக், பூனையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, “யார் செய்தார்களோ, பாவம்” என்று நம்மிடமே மலாயில் சொன்னார். நாம் வாய் திறக்கவில்லை. நோன்புக் கஞ்சி காய்ச்சினால் முதல் பாத்திரம் நம் வீட்டுக்கு அனுப்புகிற அம்மாள் அவர்.

அதன் பிறகே வலை வாங்கி விரித்தோம். பாத்தி தப்பித்தது. ஆனால் இரண்டு வாரம் கழித்து மக்சிக் வீட்டுப் பண்டான் தொட்டிகளும் மிளகாய்த் தொட்டிகளும் தோண்டப்பட்டுக் கிடந்தன. விடியற்காலையில் பள்ளிக்குப் போகும்போது கையும் களவுமாகக் கண்டோம். தொட்டியில் உட்கார்ந்திருந்தது நம் கடைப் பூனை!

ஆம் சகோதரர்களே, கடையில் அரிசி மூட்டையைக் காக்க நாமும் ஒரு பூனை வைத்திருக்கிறோம். வியாபாரிகளில் யார்தான் வைப்பதில்லை? எலி புகுந்தால் மூட்டையைக் கடிக்கும், அதன் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வரும். 1960ஆம் ஆண்டில் சரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்தில் எலிகள் பயிரை அழித்தபோது, சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் விமானம் பூனைகளைக் கொண்டுபோய்ப் பாரசூட்டில் இறக்கியது. எலிக்காக வானத்திலிருந்து பூனையை இறக்கிய நாடு இது. நம் பூனையின் லாபத்தை நாம் எடுத்துக்கொண்டு, அதன் தொல்லையை அண்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். வலை விரித்த பிறகு அது இடம் தேடி அங்கே போயிருக்கிறது. அதற்கு முன் நம் பாத்தியைத் தோண்டியதும் சாம்பல் பூனை மட்டும்தானா? அல்லாஹ்வே அறிவான்.

ஆலிம்சா ஒருவரிடம் போய்க் கேட்டோம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கிதாபில் பூனைக்கென்றே ஒரு மஸ்அலா இருப்பதை எடுத்துக் காட்டினார். ஒரு பூனை பறவையையோ உணவையோ பாழாக்கினால், அப்படிச் செய்வது அதன் வழக்கம் என்று தெரிந்திருக்கும் பட்சத்தில், இரவாயினும் பகலாயினும் உடையவரே ஈடு செய்ய வேண்டும். வழக்கம் என்று தெரியாவிட்டால் இல்லை. இதுவே ஏற்றமான சொல் என்றிருக்கிறது. “செடியைத் தோண்டுவதும் இதில் சேருமா?” என்று கேட்டோம். “சட்டத்தை இழுத்துப் பிடித்துக் கேட்கிறாயே, உன் பூனையின் வழக்கத்தை நீ கண்ணால் பார்த்துவிட்டாய் அல்லவா? அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவரைச் சொத்துக்கும் வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு இருந்ததே, அந்த ஹதீது உனக்குத் தெரியாதா?” என்று திருப்பிக் கேட்டார். தலை குனிந்து வந்தோம்.

அன்று மாலையே இரண்டு மண் தொட்டியும் நாற்றும் வாங்கிக்கொண்டு மக்சிக் வீட்டுக்குப் போனோம். தோண்டியது நம் பூனை என்றும், அவர் பூனையின் காலில் அடித்தது நாம் என்றும் இரண்டையும் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். பொறுத்துக்கொண்டாரா என்று கேட்கவும் நமக்குத் துணிவில்லை. தேத்தண்ணீரைக் குடித்தோம். இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மணல் மூலை. ஒருநாள் அவர் வீட்டார் சுத்தம் செய்கிறார்கள், மறுநாள் நாம்.

கடைக்காரர் கடமை

இப்பாடத்தில் வியாபாரிகளாகிய நமக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. எலி மருந்து விற்பது ஆகுமான வியாபாரம். ஆனால் வாங்குகிறவர் தம் வாயாலேயே, பூனைக்கு வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்ட பிறகு நாம் கொடுக்கலாமா? பாவத்திலும் அத்துமீறலிலும் ஒருவருக்கொருவர் துணை போகக்கூடாது என்பது மாயிதா சூராவில் உள்ள கட்டளை. மது வடிக்கப்போகிறான் என்று அறிந்தே அவனுக்குத் திராட்சை விற்பது கூடாது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு கிதாபுகள் சொல்வதை ஓதியவர்கள் அறிவார்கள். இதுவும் அதே தராசில் நிற்கிற விஷயம். விஷத்தின் விலையில் நமக்கு நிற்கும் சில காசு லாபத்துக்காக, ஹராமுக்கு நாம் துணையாவதா?

அரசாங்கச் சட்டமும் கடுமையானது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, பிராணிகளைக் கொடுமை செய்கிறவருக்கு 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விஷம் வைத்த கருவாட்டைப் பூனைதான் தின்னும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. கோழி தின்னும், தவழ்கிற பிள்ளையும் எடுத்து வாயில் வைக்கும்.

ஆகவே அப்படிப்பட்டவர் கடைக்கு வந்தால், இல்லை என்று பொய் சொல்லவும் வேண்டாம், முகத்தில் அடித்தாற்போல் பேசவும் வேண்டாம். அவர் நஷ்டமும் உண்மையான நஷ்டம்தான். அதை ஒப்புக்கொண்டு, வேறு சரக்கைக் காட்டுங்கள். கம்பி வலையும் சாத்தே குச்சியும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் நம் கடைகளிலேயே கிடைப்பவை. வாங்குபவரும் நஷ்டப்படாமல், விற்பவரும் நஷ்டப்படாமல், ஒரு வாயில்லாப் பிராணியும் பிழைத்துப்போகும்.

முடிவாக

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ, இட்ட பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால், அது அவனுக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. கொல்லையில் கீரை விதைப்பதும் நன்மையான காரியம் என்று இதிலிருந்து விளங்குகிறது. அந்த நன்மைக்காகவே ஓர் உயிரை வதைத்தால், விதைத்ததை நாமே தோண்டிப் போட்டவர்கள் ஆவோம்.

கொல்லையைக் காக்க வேண்டியவர் கொல்லைக்காரரே. அதைத் தம் மண்ணில் செய்யட்டும், பூனையின் உடம்பில் வேண்டாம். பூனையைக் காக்க வேண்டியவர் வளர்ப்பவரே. அதன் வழக்கம் தெரிந்த பிறகு சாக்குச் சொல்ல வேண்டாம். நம்மில் பலர் இரண்டுமாக இருக்கிறோம் என்பதை மறவாதிருந்தால் போதும்.

எலி மருந்து கேட்டு வந்த சகோதரர் மறுநாள் வந்தார். மேலே எழுதியதையெல்லாம் சொன்னோம். நம் மட்டைத்துண்டுக் கதையையும் சொன்னோம். அவர் ஒன்றும் மறுமொழி சொல்லாமல், வலை ஒரு சுருள் எத்தனை ரிங்கிட் என்று கேட்டு வாங்கிப்போனார். சென்ற ஜும்ஆ அன்று நம் வீட்டுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்பியிருந்தார்.

நம் கைகளாலும் நம் சரக்குகளாலும் பிற உயிர்களுக்குத் தீங்கு நேராமல் அல்லாஹுதஆலா நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.